எல்லவில் பிளந்த மலை

எல்ல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,041 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெல்லவாய நோக்கித் தெற்கே இறங்கும் வீதி, சுமார் 27 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. பஸ்ஸில் போகிறவருக்குக் காது அடைக்கும், பாதி வழியில் சுவெட்டரைக் கழற்றத் தோன்றும், அவ்வளவுதான். மலைநாட்டின் தெற்குச் சுவர் அந்த இடத்தில் பிளந்து கிடப்பது கால்நடையாகப் போகிறவருக்குத்தான் புரியும். மேற்கே எல்ல ரொக், கிழக்கே சின்ன சிவனொளிபாதமலை என இரு பக்கமும் பாறை எழும்பி நிற்க, நடுவே தெற்குச் சமவெளி வரைக்கும் வானம் திறந்திருக்கும்.

அமெரிக்கப் பாலைவனத்துத் தேசியப் பூங்காக்களில் நடந்து பழகியவருக்கு இதைக் கண்டதும் ‘கன்யன்’ என்றே வாயில் வரும். பிழையில்லை. ஆறு அறுத்த ஆழ்பள்ளத்தாக்குத்தான் இதுவும். ஆனால் இரண்டும் உண்டான விதம் ஒன்றல்ல. நடக்கிறவர் எதைக் கவனித்து நடக்க வேண்டும் என்பதும் அதனாலேயே மாறிப்போகிறது.

பாலைவனக் கன்யனை முதலில் பார்த்துவிடுவோம். கொலராடோ ஆறு அறுத்த கிராண்ட் கன்யன் 446 கிலோமீட்டர் நீளம். ஆழம் சில இடங்களில் 1,800 மீட்டரையும் தாண்டும். அந்த ஆழத்தின் பெரும்பகுதியை ஆறு தோண்டியது கடந்த ஐம்பது, அறுபது லட்சம் ஆண்டுகளில்தான். பாறைக்கு வயது பல கோடி ஆண்டு. பள்ளத்துக்கு வயது குறைவு. அங்கே சுவர் செங்குத்தாக நிற்பதற்குக் காரணம், மழை இல்லாததுதான். சுவரை மக்கவைக்க ஈரமில்லை, மூடி மறைக்க மண்ணில்லை, வேர்விட மரமில்லை. ஆறு மட்டும் எங்கோ ரொக்கி மலைத்தொடரில் உருகிய பனியைச் சுமந்துகொண்டு வந்து அடியை அறுக்கிறது. கடினமான அடுக்கு செங்குத்தாக நிற்கும், மெலிந்த அடுக்கு சரிவாகத் தேயும். அதனால்தான் படிக்கட்டு வடிவம். நமக்குப் பக்கத்தில் இதன் சிறிய உருவத்தைக் காண விரும்பினால் ஆந்திரத்தின் கடப்பைப் பக்கம் கண்டிக்கோட்டைக்குப் போகலாம். பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்த இடத்தில் அதே அடுக்குப் பாறை, அதே வறட்சி.

அந்த வறட்சியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மண் இல்லாத பாறை மழையைக் குடிக்காது. பெய்தது அத்தனையும் சில நிமிடங்களுக்குள் இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டா மாநிலத்தின் சயன் தேசியப் பூங்காவில், கீஹோல் என்ற ஒடுங்கிய கன்யனுக்குள் இறங்கிய ஏழு பேர் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். இன்னொன்று, கன்யன் நடை மலையேற்றத்துக்குத் தலைகீழ். மலையில் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். கன்யனிலோ இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில். தெம்பு தீர்ந்த பிறகுதான், வெயில் ஏறிய பிறகுதான், ஏற்றம் தொடங்கும். ஆற்றங்கரை வரை போய் அன்றைக்கே திரும்பப் பார்க்காதீர்கள் என்று கிராண்ட் கன்யன் பாதைகளில் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

எல்ல அமைந்திருக்கும் ஊவா மாகாணத்தின் பாறை இப்படியான மணற்கல் அடுக்கு அல்ல. நைஸ், சார்னோக்கைட், குவார்ட்சைட், இடையிடையே பளிங்குப் பட்டைகள். எல்லாமே பூமிக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியவை. ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர், அந்தார்ட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்ட காலத்தில் நடந்த காரியம் அது. சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம் குன்றுகளில் இருப்பதும் சார்னோக்கைட்தான். நிலவியலுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

அவ்வளவு ஆழத்தில் இருந்த பாறை மேலே வரும்போது, மேலிருந்த பாரம் குறையக் குறைய, வெடிக்கிறது. நிலங்கள் பிரிந்தபோதும் வெடித்தது. இந்த வெடிப்புகள் கண்டபடி ஓடுவதில்லை. பெரும்பாலும் குறிப்பிட்ட திசைகளில், கூட்டம் கூட்டமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஊவாவின் நிலவரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஓயாக்கள் எனப்படும் சிற்றாறுகள் சட்டென்று கோணத்தில் திரும்புவதும், மலைமுகடுகள் கோடு போட்டதுபோல் நீள்வதும் தெரியும். தண்ணீருக்குப் பாறையை அறுக்கும் வேலை பாதி மிச்சம். வெடிப்பு ஏற்கெனவே வழி விட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த மாகாணத்தில் அருவி எங்கே விழும், கிணறு எங்கே ஊறும், மலை எங்கே சரியும் என்ற மூன்று கேள்விக்கும் விடை தேட வேண்டிய முதல் இடம் அந்த வெடிப்புகள்தான்.

வெடிப்புக்குள் நீர் போனால் என்ன நடக்கும் என்பதை வீதியோரத்திலேயே பார்க்கலாம். பசறை வீதியிலோ ஹாலிஎலப் பக்கமோ, புதிதாக வெட்டிய கரையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வெள்ளையும் கபிலமும் சிவப்புமாகக் கோடுகள் நெளிந்திருக்கும். பார்வைக்கு அசல் நைஸ் பாறை. பெருவிரலால் அழுத்தினால் தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிரும். வெள்ளைக் கோடு, களிமண்ணாக மாறிப்போன பெல்ட்ஸ்பார் கனிமம். விரலில் மாவாக ஒட்டும். அதற்குள் நறநறவென்று உறுத்துவது குவார்ட்ஸ் மணி, அது மக்காது. கபிலக் கறை, துருப்பிடித்த இரும்புக் கனிமம். பாறை தன் இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் அசையாமல், தன் கோலத்தையும் விடாமல், உள்ளுக்குள் மண்ணாகிவிட்டது. சில இடங்களில் இது பல மீட்டர் ஆழத்துக்குப் போகும். அதே கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உருண்டைக் கல் துருத்திக்கொண்டிருக்கும். நான்கு பக்கமும் வெடிப்பு வழியே நீர் இறங்கி மக்கவைக்க, நடுவில் மிஞ்சிய பாறைக்கரு அது. தேயிலை மலைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் உருண்டைக் கற்களில் பலவும் எங்கிருந்தோ உருண்டு வந்தவையல்ல. நின்ற இடத்திலேயே இருந்தவை. சுற்றியிருந்த மண்தான் போய்விட்டது.

ஆக, பாலைவனத்தில் நடக்கிறவர் பாறைமேல் நடக்கிறார். ஊவாவில் நடக்கிறவர், பெரும்பாலும், மக்கிய பாறைமேல் நடக்கிறார். அருவிகள் விழுவது மக்க மறுத்த பாறையில். பதுளை நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் துன்ஹிந்த 64 மீட்டர். கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தியலும 220 மீட்டர். இலங்கையிலேயே உயரமான பம்பரகந்த 263 மீட்டர். அதுவும் பதுளை மாவட்டம்தான். தியலுமவும் பம்பரகந்தவும் ஒரே தெற்குச் சுவரில் விழுகிறவை. அந்தச் சுவர் எப்படி எழுந்தது என்பதில் நூறாண்டு வாக்குவாதம் உண்டு. இலங்கை மூன்று படியாக அமைந்த தேய்நிலம், அதாவது அரிப்பில் மட்டமான நிலம், என்று 1929இல் எழுதினார் நிலவியலாளர் எப்.டி. அடம்ஸ். நிலத்துண்டுகள் பிளந்து மேலெழுந்தன என்று 1940களில் சொன்னார் இந்திய நிலவியலாளர் டி.என். வாடியா. எப்படி எழுந்திருந்தாலும், எழுந்த சுவரை ஆறுகள் அரிக்காமல் விடவில்லை. மிக ஆழமாக அரித்த இடங்களில் ஒன்றுதான் எல்ல.

எல்லவின் வடக்கே விழும் மழை பதுளு ஓயாவில் சேர்ந்து, தெமோதரை, ஹாலிஎல, பதுளை கடந்து, துன்ஹிந்தவில் குதித்து மகாவலியில் கலக்கிறது. கடைசியில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கடலைச் சேர்கிறது. தெற்கே விழும் மழை கிரிந்தி ஓயாவாக அந்தப் பிளவு வழியே இறங்கி, வெல்லவாய, லுணுகம்வெஹெர வழியாகத் தெற்குக் கரைக்கு வந்துவிடுகிறது. மகாவலி 335 கிலோமீட்டர். கிரிந்தி ஓயா சுமார் 117 கிலோமீட்டர். குறுகிய தூரத்தில் இறங்கும் ஆற்றுக்குச் சரிவு அதிகம், அறுக்கும் வலு அதிகம். அது தன் தலைப்பக்கத்தைப் பின்னோக்கி அரித்துக்கொண்டே போகும். போதிய காலம் கொடுத்தால் முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஓயாவின் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நிலவியலாளர் இதை ஆற்றுக் கவர்வு என்கிறார்கள். இலட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் காரியம்.

இதே காரியத்தை மனிதர் ஒரு தலைமுறைக்குள் செய்துமுடித்தார்கள். வெலிமடைப் பக்கத்து உமா ஓயா இயல்பாக மகாவலிக்குப் போகும் ஆறு. புகுல்பொல, டயரபா என்ற இரண்டு அணைகளில் அதை மறித்து, மலைச்சுவருக்குள் நீண்ட சுரங்கம் குடைந்து, வெல்லவாயவுக்குப் பக்கத்தில் ரந்தெனியவில் பூமிக்கடியில் 120 மெகாவாட் மின்நிலையம் அமைத்து, நீரைக் கிரிந்தி ஓயாவுக்குத் திருப்பினார்கள். ஈரானிய நிறுவனம் கட்டிய இத்திட்டம் 2024 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்டது. தெற்கின் வறண்ட வயல்களுக்கு நீர் வந்தது உண்மை. ஆனால் சுரங்கம் குடைந்த வழியில் வெடிப்புகள் இருந்தன. 2014 இறுதியிலும் பின்னர் மீண்டும், வெடிப்புகளில் தேங்கியிருந்த நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கொட்டத் தொடங்கியது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன, 2017இல் சனங்கள் வீதிக்கு இறங்கினார்கள். மேலே நின்று பார்த்தால் கிணறும் சுரங்கமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. கீழே, ஒரே வெடிப்பின் இரண்டு முனைகள்.

இனிக் காற்றுக்கு வருவோம். பாலைவனத்தின் சாயல் ஊவாவுக்கு ஆண்டில் சில மாதம் வந்துபோவது காற்றினால்தான். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையே ரயில் ஒரு சுரங்கத்தைக் கடக்கிறது. மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் எல்லை அங்கேதான். ஜூலையில் அந்தப் பக்கம் மூடுபனியும் தூறலுமாக நுழைகிற பெட்டி, இந்தப் பக்கம் வெயிலில் வெளிவருவதைப் பலரும் கண்டிருப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழையைக் கொட்டிவிடுகிறது. நீராவி மழையாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்குவதால், ஏறும்போது கிலோமீட்டருக்கு ஐந்தாறு பாகைதான் குளிர்கிறது. முகட்டைத் தாண்டி ஈரமிழந்து இறங்கும்போதோ கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்துப் பாகை சூடேறுகிறது. ஏறியதைவிடச் சூடாக, காய்ந்துபோய், வேகமாக வந்து சேர்கிறது. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்வது இதே காற்று கிழக்கே போய்ச் சேர்ந்த பிறகுதான்.

தேயிலைச் செடிக்கு அது சோதனைக் காலம். கொழுந்து மெல்ல வளரும், இலைக்குள் மணப்பொருள்கள் செறியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை எடுக்கும் ஊவாத் தேயிலையில் மெதைல் சலிசிலேற்று தூக்கலாக இருக்கும். மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதுதான். உலகச் சந்தையில் ஊவாவுக்கென்று விலை வைப்பது அந்த மணத்துக்கு. கிலோக் கணக்கில் கொழுந்து பறித்துச் சம்பளம் வாங்குகிறவருக்கு அதே பருவத்தில் கூடை நிறையாது என்பது விளம்பரங்களில் வருவதில்லை.

பத்தனாப் புல்வெளியும் அந்த மாதங்களில்தான் தீப்பிடிக்கும். எல்ல ரொக் சரிவுகளில் இடுப்பளவு நிற்கும் மானாப்புல், சித்திரனெல்லா எண்ணெய் எடுக்கும் புல்லின் உறவு. இலையை முறித்து முகர்ந்தால் எலுமிச்சை வாடை. எண்ணெய் இருப்பதால் காய்ந்தபோது சட்டென்று பற்றும். மேலே எரிந்தாலும் தூர் சாகாது. முதல் மழைக்கே துளிர்த்துவிடும். மரக்கன்றுகள் அப்படிப் பிழைப்பதில்லை. எரிய எரியக் காடு ஒதுங்கி, புல் இடம்பிடிக்கிறது. தீயை வைப்பது அனேகமாக மனிதக் கைதான். சாம்பலான சரிவில் ஒக்டோபரில் அடைமழை விழும்போது மண் நேரே ஓயாவுக்குப் போகிறது.

எவ்வளவு போகிறது? இதை அளக்க ஓர் அழகான வழி உண்டு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரைமட்டத்தில் உள்ள குவார்ட்ஸ் மணியைத் தாக்கும்போது அதற்குள் பெரிலியம்-10 என்ற அரிய அணு துளித்துளியாகச் சேர்கிறது. மெல்லத் தேயும் நிலத்தில் மணி நீண்டகாலம் மேலே கிடப்பதால் அது நிறையச் சேரும். வேகமாகத் தேயும் நிலத்தில் குறைவாகச் சேரும். ஆற்று மணலைப் பிடி அள்ளினால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரியே கையில் வந்துவிடும். இலங்கை ஆய்வாளர் திலக் ஹேவாவசமும் சகாக்களும் மேல் மகாவலிப் படுகையில் இப்படி அளந்து 2003இல் வெளியிட்டார்கள். இயற்கையான அரிப்பு, சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 13 முதல் 30 தொன். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுகூடத் தேறுமோ தேறாதோ. இன்றைய ஆறுகள் சுமக்கும் வண்டலோ 130 முதல் 2,100 தொன். கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் காட்டை வெட்டியதன் கணக்கு அது. தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவது இந்த மண்ணைப் பிடித்துவைக்கத்தான். கான் தூர்ந்தால், நீர் தனக்குப் பிடித்த வழியில் போகும்.

சுவரிலிருந்து விழுந்த மண்ணும் கல்லும் சுவரின் காலடியில் தங்குகிறது. காலங்காலமாகச் சேர்ந்த அந்தச் சரிவுமண் தேயிலைக்குத் தோதானது. ஆழமான மண், நடுத்தரச் சரிவு, ஊற்றுக்குப் பஞ்சமில்லை. தோட்டம் போட்டவர்கள் அதைத் தேடிப்பிடித்தே போட்டார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயங்களையும் அங்கேயே கட்டினார்கள். ஆனால் இளகிய மண் அது. மேலே சுவரின் வெடிப்புகள் வழியே இறங்கும் நீர் அதன் அடியில் புகுந்தால், மண்ணுக்கும் பாறைக்கும் இடையே அழுத்தம் ஏறும், மண்ணின் பிடி விடும். கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை 2014 ஒக்டோபர் 29 காலையில் புதைத்தது அப்படியான மண்தான். அந்த இடம் ஆபத்தானது, சனங்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மாறிப்போகக் காணி இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டம் மறுபடி பல இடங்களில் சரிந்தது. இதை இயற்கை அனர்த்தம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. மலை சரிவது இயற்கை. யாருடைய வீடு அதன் காலடியில் இருக்கிறது என்பது இயற்கை அல்ல.

நடக்க வருகிறவருக்கு இதிலிருந்து சில காரியங்கள் தானாகவே வரும். கண்டி ஹந்தானையில் தொடங்கி அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் பீகோ டிரெயில் 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். அதன் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள். கூடை சுமந்தவர்களும் மட்டக்குதிரையில் துரைமாரும் போன பாதை. எல்ல ரொக்குக்கு ரயில் தண்டவாளம் வழியே நடக்கிறவர்கள் வளைவுகளில் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தொலைபேசியில் பாட்டு ஓடினால் ரயில் கேட்காது. ஜூலை, ஆகஸ்ட்டில் முகடுகளில் காற்று ஆளைத் தள்ளும், தாகமும் தெரியாது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு நீர் இழப்பதே புலப்படாது. எல்லவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கினால் ஐந்து பாகை அளவில் சூடு கூடும், திரும்பி வருவது ஏற்றம்; கன்யன் கணக்கு இங்கேயும் பொருந்தும். தியலுமவின் தலைப்பக்கத்துத் தடாகங்களில் குளிப்பதற்கு முன் மேலே பூனாகலைப் பக்கம் மேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நீர் வருவது அங்கிருந்துதான். அட்டைக் கடி ஈரப் பருவத்துக்கான வரி, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கவனிக்க வேண்டியவை வேறு. சரிவில் புதிதாக விழுந்த வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்களும் கம்பங்களும், திடீரென்று கலங்கிய ஊற்று, அல்லது நேற்று வரை ஓடி இன்று நின்றுபோன ஊற்று. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். நின்ற நீர் உள்ளே எங்கோ தேங்குகிறது. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் அளவைக் குறிக்கும் வழக்கம் உண்டு. புறப்படுவதற்கு முன் நேற்றைய மழை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டால், சுவரின் காலடிப் பாதைக்கு அன்று இறங்குவதா, அப்புத்தளையில் இன்னொரு தேநீர் குடிப்பதா என்பதை முடிவுசெய்துகொள்ளலாம்.